கூடை நிறைந்தால் போதுமா?

2024-ஆம் ஆண்டுப் பொங்கல் நம் சங்கத்தில் பலருக்கு நினைவிருக்கும். கரும்புக்காக அல்ல, மஞ்சள் கொத்துக்காக. ஊரிலிருந்து லாரியில் வந்து இறங்கியவை 120 கொத்துகள். நாம் பணம் வாங்கியிருந்ததோ 148 கொத்துகளுக்கு!

போகியன்று காலை சங்க வாசலில் நடந்த வாக்குவாதங்களை இங்கே மீண்டும் கிளற விரும்பவில்லை. ஒரு காட்சியை மட்டும் சொல்லியாக வேண்டும். எழுபத்தெட்டு வயது அம்மாள் ஒருவர். விற்பனை தொடங்கிய முதல் நாளே ஆட்டோ பிடித்து வந்து கவுண்டரில் பணம் கட்டியவர். ரசீது எண் 4. அவருக்குக் கொடுக்க நம்மிடம் ஒரு கொத்துகூட இல்லை. இணையதளத்தில் வாங்கியவர்களுக்கு முந்தின நாளே வீடு வீடாகக் கொடுத்தனுப்பி விட்டோம். அவர் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லை தம்பி, வீட்டிலே விரலி மஞ்சள் இருக்கு. அதையே பானையிலே கட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்கும்.

அந்த இணையதளத்தைத் திறப்பதற்கு முன் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். ஆகவே இது பிறர்மேல் குற்றம் சுமத்தும் கட்டுரை அல்ல. அமைத்துக் கொடுத்த கல்லூரிப் பையன் மேலும் குறையில்லை. நாம் கேட்டதை அவன் செய்து கொடுத்தான். கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

நடந்தது இதுதான். பொருளைத் தொட்டால் கூடையில் விழுந்தது. கூடையைத் தொட்டால் தொகை வந்தது. பணம் கட்டினால் செயலாளருக்கு ஓர் ஈமெயில் போனது. அத்துடன் சரி. 'இருப்பு 120' என்று பக்கத்தில் கையால் அடித்து வைத்த எண், எத்தனை விற்றாலும் 120 ஆகவே நின்றது. கவுண்டரிலோ ரசீதுப் புத்தகம் தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. சரக்கு ஒன்று, கணக்கு இரண்டு. முன்னால் ஷாப்பிங் கார்ட் இருந்தது. அதற்குப் பின்னால் டேட்டாபேஸ் என்கிற பேரேடு இல்லை.

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து 1981-ல் ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்தவன். இணையதள வேலையைப் பணி ஓய்வுக்குப் பிறகு மகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆயினும் இந்தச் சிக்கல் எனக்குப் புதிதல்ல. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் காக்க, 'நீல்ஸ் பால் டோக்கன்' என்றொரு கருவியை நாங்கள் பராமரித்து வந்தோம். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு முனையில் ஓர் இரும்புக் குண்டை வெளியே எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போகும்வரை வேறு குண்டு எந்த முனையிலும் வெளியே வராது. குண்டு கையில் இருந்தால்தான் டிரைவர் வண்டியைக் கிளப்பலாம். ஸ்டேஷன் மாஸ்டர்களின் ஞாபகசக்தியை மட்டும் நம்பி அங்கே ரயில் ஓடவில்லை. கருவியையும் நம்பியே ஓடிற்று. கடைக்கு டேட்டாபேஸ் செய்ய வேண்டிய வேலையும் அதுவே.

கூடையில் ஒரு பொருளைப் போடுவது விருப்பம்தானே தவிர விற்பனை ஆகாது. அதில் இருக்க வேண்டியவை இரண்டே: எந்தப் பொருள், எத்தனை. விலை அங்கே இருக்கக் கூடாது. நம் தளத்தில் விலையைப் பக்கத்துக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தார்கள். அந்தப் பையனின் நண்பன் என் கண்ணெதிரே நாலு விசையைத் தட்டி, 180 ரூபாய்க் கரும்புக் கட்டை 18 ரூபாய் ஆக்கிக் காட்டினான். வாடிக்கையாளர் எழுதித் தரும் விலைச்சீட்டை வைத்து எந்த மளிகைக்காரர் பில் போடுவார்? ஆர்டர் உறுதியாகும் நேரத்தில் விலையைப் பேரேட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

அடுத்தது இருப்பு. "எத்தனை இருக்கிறது என்று பார், இருந்தால் கழி" என இரண்டு படியாக எழுதுவது புதியவர்கள் வழக்கம். கடைசிக் கொத்து ஒன்று இருக்கையில் இருவர் ஒரே நொடியில் கேட்டால், இருவருக்கும் 'இருக்கிறது' என்றே பதில் வரும், இருவருக்கும் விற்றுவிடும். "இருப்பு போதுமானால் மட்டும் கழி" என்று ஒரே கட்டளையாகக் கொடுத்தால், டேட்டாபேஸ் முதல் ஆளுக்குக் கழித்துவிட்டு, அடுத்தவருக்கு இல்லை என்று சொல்லிவிடும். குண்டு ஒன்றுதான் வெளியே வரும். இருப்பைக் கழிப்பதும் ஆர்டரை எழுதுவதும் ஒரே டிரான்ஸாக்‌ஷனாக இருக்க வேண்டும். நடந்தால் இரண்டும் நடக்கட்டும். இல்லையேல் இரண்டும் வேண்டாம்.

மூன்றாவது பணம். 'பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை' என்ற அனுபவம் இல்லாத குடும்பம் நம்மில் ஏது? வாங்குபவரின் திரையில் 'வெற்றி' என்று வருவதை நம்பி ஆர்டரை உறுதி செய்யக் கூடாது. பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்தின் சர்வர் நம் சர்வருக்கு நேரே அனுப்பும் செய்தியை, அது உண்மையானதுதானா என்று சரிபார்த்துப் பதிய வேண்டும். அதே செய்தி இரண்டு முறை வந்தாலும் ஒரு முறைதான் ஏற வேண்டும். யுபிஐ-யில் ஒருவர் கணக்கிலிருந்து பணம் கழிந்து, கடைக்கு உறுதி வராமல் போனால், ஐந்து நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும், அதற்கு மேல் தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-ல் விதி செய்தது. ஆனால் பணம் நம் சங்கத்தின் கணக்குக்கே வந்து சேர்ந்து, நம் பேரேட்டில் மட்டும் ஏறாமல் போனால், அதை எந்த வங்கியும் திருத்தித் தராது. அது நம் பொறுப்பு.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. "கம்ப்யூட்டரே வேண்டாம், ரசீதுப் புத்தகம் போதும்" என்கிறார்கள் மூத்தவர்கள். "கவுண்டரை மூடுங்கள், எல்லாம் ஆன்லைனில் இருக்கட்டும்" என்கிறார்கள் இளைஞர்கள். 2025 பொங்கலுக்கு முதல் கட்சி வென்றது. இணைய விற்பனையை நிறுத்தினோம். நகரின் மறு கோடியில் கைக்குழந்தையோடு இருக்கும் இளம் குடும்பங்களுக்கு அதனால் கரும்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. இரண்டாவது கட்சி வென்றிருந்தால் ரசீது எண் 4 அம்மாளுக்கு வாசலே இருந்திருக்காது.

ரயில்வே இதை எப்படித் தீர்த்தது என்று பாருங்கள். கோடை விடுமுறைக்கு ஊர் போக விடியற்காலையில் வரிசையில் நின்றவர்கள்தானே நாம் எல்லோரும்! அந்நாளில் வண்டிக்கு ஒரு பதிவேடு. வழி ஸ்டேஷன்களுக்குத் தனித்தனி ஒதுக்கீடு. திரும்பி வரும் பயணத்துக்குத் தந்தி. 1985-ல் புது டெல்லியில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் சோதனை முறையில் தொடங்கியது. 1999-ல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைந்தன. 2002-ல் ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் வீட்டிலிருந்தே டிக்கெட் எடுக்கும் வசதி வந்தது. ஆனால் கவுண்டரை மூடவில்லை! ஜன்னலில் நிற்பவரும் வீட்டில் இருப்பவரும் அதே ரிசர்வேஷன் கணக்கிலிருந்துதான் பெர்த் பெறுகிறார்கள். வாசல் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். பேரேடு ஒன்றாக இருக்க வேண்டும்.

நாமும் அப்படியே செய்யலாம். புதிதாக எதையும் எழுதக்கூடத் தேவையில்லை. வூகாமர்ஸ் போன்ற ஆயத்தக் கடை மென்பொருள்களில் இருப்புக் கணக்கும், பணம் வரும்வரை சில நிமிடம் பொருளை நிறுத்தி வைக்கும் ஏற்பாடும் உண்டு. பொருளுக்குப் பொருள் அந்த இருப்புக் கணக்கை மறவாமல் இயக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். கவுண்டரில் உட்காருபவர் ரசீது கிழிப்பதற்கு முன் அதே கணக்கில் ஆர்டரைப் பதிய வேண்டும். நெட் அடிக்கடி போய்விடுகிறதா? வழி ஸ்டேஷன் ஒதுக்கீடு இருக்கவே இருக்கிறது. 30 கொத்துகளைக் கவுண்டருக்கென்று ஒதுக்கி, இணையதள இருப்பிலிருந்து முன்கூட்டியே கழித்துவிடுங்கள். மிஞ்சியதைக் கடைசி நாளில் திருப்பிச் சேருங்கள். வீட்டுக்கு அனுப்பும் பட்டியலும் அதே பேரேட்டிலிருந்து, பணம் கட்டிய வரிசைப்படி எடுக்கப்பட வேண்டும். உறுப்பினர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அதில் இருப்பதால், பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தையும் நிறுத்துவோம்.

"120 கொத்து மஞ்சளுக்கு இவ்வளவு ஏற்பாடா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நாளைக்கு இரண்டே வண்டி போகும் கிளைப் பாதையிலும் நாங்கள் டோக்கன் கருவி வைத்திருந்தோம். வண்டி குறைவு என்பதால் மோதல் சிறிதாகிவிடுவதில்லை.

அடுத்த செயற்குழுவில் என் கோரிக்கை ஒன்றே. விற்பனையைத் திறக்குமுன் ஒரு நாள் ஒத்திகை பார்ப்போம். இருப்பில் ஒரே ஒரு கொத்தை வைத்து, ஒருவர் கவுண்டரிலும் ஒருவர் வீட்டிலும் இருந்து ஒரே நேரத்தில் வாங்கிப் பார்க்கட்டும். ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்கு மரியாதையாக 'இல்லை' என்று வந்தால், கடையைத் திறக்கலாம். 'இல்லை' என்பதை முன்பே சொல்வது அவமரியாதை அல்ல. பணத்தை வாங்கிக்கொண்டு போகியன்று கையை விரிப்பதுதான் அவமரியாதை.

அந்த அம்மாளுக்குப் பணத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். கணக்குப்படி பாக்கி இல்லை. என்றாலும் ரசீது எண் 4-க்கு நாம் ஒரு மஞ்சள் கொத்து கடன்பட்டிருக்கிறோம் என்றே நான் நினைக்கிறேன்.