பெயரில்லாக் கால்கள்

கருஞ்சில்லு ஒன்று. அதன் இரு மருங்கிலும் பதினான்கு பதினான்காக 28 கால்கள். முதுகில் ஆக்கிய நிறுவனத்தின் குறி உண்டு. சில்லின் பெயர் உண்டு. ஆக்கத் தொகுதியின் எண் உண்டு. கால்களின் பெயர்கள் மட்டும் இல்லை! விற்பவனுக்கு வேண்டியது முதுகில் ஏறிற்று. கையாள்பவனுக்கு வேண்டியதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட விளக்க ஏட்டுக்குள் ஒளிந்துகொண்டது.

இக்குறையைத் தீர்க்கவே, கால்களின் பெயர்களை ஒட்டுத்தாளில் அச்சிட்டு நுண்கட்டுப்படுத்திச் சில்லின் முதுகில் ஒட்டிக்கொள்கின்றனர் பயில்வோர். உடனே எழுகிறது ஏளனக் குரல்: “இது சிறுபிள்ளை வேலை, வல்லவனுக்கு நினைவே போதும்!”

நினைவு போதுமா? ஏடிமெகா 328பி சில்லையே எடுத்துக்கொள்க. ஆர்டுயினோ ஊனோ பலகையில் 7 என்று பொறித்த துளை, இச்சில்லின் 13ஆம் காலுக்குச் செல்கிறது. பலகையின் 13, சில்லின் 19ஆம் கால். சில்லின் 7ஆம் காலோ மின்வழங்கல் நுழையும் வாயில்! பலகையிற் பழகிய ஒருவன் அந்நினைவை நம்பி, வெறுஞ்சில்லின் 7ஆம் காலுக்கும் தரைக்கம்பிக்கும் இடையே ஒரு பொத்தானை வைப்பானாயின், அதை அழுத்திய நொடியே நேர்முனையும் தரையும் முட்டிக்கொள்ளும்.

பிக் 16எஃப்876ஏ என்னும் சில்லுக்கும் அதே 28 கால்கள். ஆனால், அதன் 19ஆம் கால் தரை. 20ஆம் கால் மின்வாயில். எட்டே கால்கள் கொண்ட ஏடிடைனி 85 சில்லிலோ 4 தரை, 8 மின்வாயில். தலைகீழாய்த் திருப்பிச் செருகினால் இரண்டும் சரியாக இடம் மாறிக்கொள்ளும்; சில்லு சூடேறிக் கெடும். இத்தனையையும் நினைவில் சுமப்பதா வல்லமை?

ஊனோ பலகையின் துளைகளருகில் எண்ணோ பெயரோ பொறித்திருக்கிறது. அதை எவரும் நகைப்பதில்லை. பலகையில் இருந்தால் பொறியியல், சில்லின்மேல் ஏறினால் சிறுபிள்ளைத்தனமா? “சோம்பல் வளரும்” என்பாரும் உளர். ஒட்டுத்தாள் ஆக்குபவன் 28 கால்களையும் விளக்க ஏட்டோடு ஒப்பிட்டாக வேண்டும். அவனா சோம்பேறி?

எனினும், பொய்ப்பெயர் பெயரின்மையினும் கொடிது. காலுக்கும் காலுக்கும் இடைவெளி 2.54 மி.மீ.; ஒரு வரிசையின் முதற்காலிலிருந்து கடைசிக்கால் வரை 33.02 மி.மீ. அச்சுப்பொறி தாளுக்கேற்பச் சுருக்கி 95 விழுக்காட்டில் அச்சிட்டால், ஒரு முனையைப் பொருத்தி ஒட்டுகையில் மறுமுனையில் 1.65 மி.மீ. குறையும். அது இடைவெளியின் பாதியை விஞ்சியது. கடைசிப் பெயர் அண்டைக் காலைச் சுட்டிவிடும். ஆகவே, 100 விழுக்காட்டில் அச்சிடுக! அளவுகோல் வைத்து அளந்தபின் வெட்டுக! வரிசைகளுக்கிடையே 7.62 மி.மீ. மட்டுமே உண்டாதலின், அகலம் 6 மி.மீ. அளவில் நிற்கட்டும். சில்லின் பள்ளக்குறியைத் தாளிலும் வரைக!

முதற்சில்லைக் கருக்கிய இளைஞன், தன் அறிவையே நொந்து கருவிகளை மூட்டை கட்டுகிறான். குறை அவன் அறிவில் இல்லை. பெயர் பொறியாத அந்த முதுகில் இருக்கிறது. ஒரு துண்டுத்தாள் அவனைக் காக்குமெனில், அதை எள்ளுவோர் காப்பது அறிவையன்று, தம் செருக்கையே!