ஐ3-யை வேகத்துக்காக நிறுவ வேண்டாம்

லினக்ஸ் பக்கம் வரும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் உபுண்டு. ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவருடைய ஸ்க்ரீன்ஷாட் கண்ணில் படும். கறுப்புத் திரை, இடைவெளி விட்டு அடுக்கிய நாலு டெர்மினல், பின்னணியில் ஒரு அனிமே பொண்ணு. மவுஸே தேவையில்லையாம்! அன்று ராத்திரியே டைலிங் விண்டோ மேனேஜர் ஒன்று இறங்கிவிடும். பெரும்பாலும் மூன்றாம் நாள் அழிக்கப்பட்டும் விடும். தப்பு அந்த மென்பொருளிடம் இல்லை, அதை எதற்காக நிறுவினார்கள் என்பதில்தான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். எந்த ஜன்னல் திரையில் எங்கே, எவ்வளவு பெரிசாக நிற்க வேண்டும் என்று கவனித்துக் கொள்வதுதான் விண்டோ மேனேஜர். விண்டோஸிலும் க்னோமிலும் ஜன்னல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். டைலிங்கில் தரைக்கு டைல்ஸ் பதித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றைத் திறந்தால் முழுத்திரை, இரண்டாவதைத் திறந்தால் ஆளுக்குப் பாதி.

இது ஏதோ ஹேக்கர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது என்று நினைப்பவர்கள் உண்டு. 1981-ல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியிலேயே ஜன்னல்கள் பக்கம் பக்கமாகத்தான் நின்றன. 1985-ல் வந்த விண்டோஸ் 1.0-விலும் அப்படித்தான். ஒன்றின் மேல் ஒன்று போடும் வசதி 1987-ல், விண்டோஸ் 2.0-வில் வந்தது. லினக்ஸில் டிடபிள்யூஎம் 2006-லும், எக்ஸ்மோனாட் 2007-லும், மைக்கேல் ஸ்டேபல்பெர்க் எழுதிய ஐ3 2009-லும் வந்தன. டிடபிள்யூஎம்மில் ஒரு ஷார்ட்கட்டை மாற்ற சி கோப்பைத் திருத்திக் கம்பைல் செய்ய வேண்டும். எக்ஸ்மோனாடுக்கு ஹாஸ்கெல் தெரிய வேண்டும். ஐ3-க்கு ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு போதும். அதனால் புதியவர்களுக்கு ஐ3தான் சரி.

இப்போது அந்த வேகக் கணக்கைப் பார்க்கலாம். கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கை போய்த் திரும்ப ஒரு நொடி என்று வைத்துக் கொண்டால், நாளைக்கு நூறு முறை போனாலும் நூறு நொடிதான். இரண்டு நிமிஷம் கூட இல்லை! அதை மிச்சப்படுத்த, கலர், இடைவெளி, கீழே ஓடும் பட்டையில் சிபியு சூடு என்று பத்து மணி நேரம் கான்ஃபிக் கோப்பை நோண்டுகிறார் ஒருவர். அந்தப் பத்து மணி நேரத்தைத் திரும்பச் சம்பாதிக்க அவருக்கு 360 நாள் ஆகும். அதற்குள் அவர் வேறு விண்டோ மேனேஜருக்குத் தாவியிருப்பார் :)

அப்படியென்றால் லாபமே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். ஆல்ட்-டாப் அடித்தால் வரும் வரிசை, கடைசியாக எதைப் பார்த்தோம் என்பதைப் பொறுத்து மாறிக் கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் கண்ணால் தேட வேண்டும். ஐ3-யில் பத்து வொர்க்ஸ்பேஸ் உண்டு. 1-ல் எடிட்டர், 2-ல் பிரவுசர், 3-ல் பாடப் பிடிஎஃப் என்று ஒரு முறை பழகிவிட்டால் பிறகு தேடலே கிடையாது. அஞ்சறைப் பெட்டியில் கடுகு எங்கே, சீரகம் எங்கே என்று சமைப்பவர் பார்ப்பதில்லை, கை தானாகப் போகும். அதே கதைதான். மிச்சமாவது நொடிகள் அல்ல, கவனம். நிரலில் பிழை தேடிக் கொண்டிருப்பவருக்கு, ஜன்னலைத் தேடும் அந்தச் சின்னத் தடங்கலில்தான் யோசனை அறுந்து போகும். ஆனால் ஒன்று, பெட்டியில் கடுகை அதன் கிண்ணத்தில் போடும் ஒழுக்கம் ஆளுக்கு வேண்டும். எல்லாவற்றையும் 1-லேயே திறந்தால் ஐ3 ஒன்றும் செய்ய முடியாது.

தொல்லைகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பல லேப்டாப்களில் திரை வெளிச்சத்தைக் கூட்டும் பட்டனுக்கே தனியாக ஒரு வரி எழுத வேண்டி வரும். செமினார் அன்று ப்ரொஜக்டர் கேபிளைச் செருகினால் தானாக எதுவும் வராது. எக்ஸ்ராண்டர் கட்டளை தெரியாதவர் அத்தனை பேர் முன்னாலும் முழிக்க வேண்டியதுதான். கிம்ப்பில் படம் வரைபவருக்கு மவுஸைத் தவிர்ப்பதில் அர்த்தமே இல்லை. தமிழில் தட்டச்சு செய்பவர்கள் ஐபஸ் வழியாகத் தமிழ்99 வைத்துக் கொண்டால் பெரும்பாலும் சிக்கல் வராது. கீபோர்டு லேஅவுட்டையே அடிக்கடி மாற்றுபவர்கள், எழுத்துக்குப் பதிலாக விசை எண்ணை வைத்து ஷார்ட்கட் எழுதுவது நல்லது. ஐ3-யின் கையேடே அப்படித்தான் சொல்கிறது. இன்னொன்று, ஐ3 எக்ஸ்11-ல் மட்டும்தான் ஓடும். வேலண்டுக்குப் போனவர்களுக்கு ஐ3-யின் கான்ஃபிக்கை ஏறக்குறைய அப்படியே ஏற்றுக் கொள்ளும் ஸ்வே இருக்கிறது. அதன் 1.0 பதிப்பு 2019-ல் வந்தது.

ஆகவே முயல நினைப்பவர்கள் செமஸ்டர் தேர்வு முடிந்த பிறகு, இரண்டு வாரம் ஒதுக்கி முயலட்டும். க்னோமை அழிக்க வேண்டாம், லாகின் திரையில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் முறை திறக்கும்போது மாட் கீயாக எதை வைப்பது என்று ஐ3 கேட்கும், விண்டோஸ் கீயைக் கொடுத்தால் போதும். மாட்-எண்டர் டெர்மினல், மாட்-டி மென்பொருளைத் திறக்க, மாட்-எண் வொர்க்ஸ்பேஸ் மாற, மாட்-ஷிஃப்ட்-எண் ஜன்னலை அங்கே அனுப்ப, மாட்-ஷிஃப்ட்-கியூ மூட. இந்த ஐந்தோடு முதல் வாரம் ஓடிவிடும்.

அந்த இரண்டு வாரமும் வெளிச்சம், ப்ரொஜக்டர் போன்ற அவசியங்கள் தவிர கான்ஃபிக் கோப்பைத் தொடக் கூடாது. அழகு பார்ப்பதை அதற்கப்புறம் வைத்துக் கொள்ளலாம். பதினைந்தாம் நாள் க்னோமுக்குத் திரும்பி, ஆல்ட்-டாப்பில் பிரவுசரைத் தேடும்போது எரிச்சல் வந்தால் ஐ3 அவருக்கானது. வராவிட்டால் க்னோமிலேயே இருக்கட்டும், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.