புத்தகத்தைக் கெடுத்தது பூச்சி இல்லை, நாம்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா புத்தகத்தையெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டேன். அலமாரியைத் திறந்தா வெள்ளை வெள்ளையா பூச்சி ஓடுது. அது வயித்துல கோடிக்கணக்கான கிருமி இருக்காம், குரூப்புல வந்துச்சு. கைக்குழந்தை இருக்குற வீடு, பயமா இருக்கு" என்றாள்.

அத்தான் நாற்பது வருடம் சேர்த்தவை. கிலோ கணக்கில் போய்விட்டன. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பார்வர்டு செய்கிறீர்களே, உங்கள் மேல்தான் கோபம்.

அந்த வெள்ளிமீன் பூச்சி யாரையும் கடிக்காது. நோயும் பரப்பாது. வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளியும். டைனோசருக்கும் முந்தைய வம்சம். இறக்கை கிடையாது. வளர்ந்த பிறகும் சாகும்வரை தோலுரிக்கும். ஆணும் பெண்ணும் உணர்கொம்பால் தொட்டுத் தொட்டு விலகி, ஒன்றை ஒன்று துரத்தி, ஒரு கூத்தே நடத்தித்தான் இனம் பெருக்கும்.

எல்லாம் ஒரே பூச்சியும் இல்லை. ஈரமான அலமாரியில் ஒரு வகை, அடுப்படிச் சூட்டில் ஒரு வகை, நீளவால் வகை ஒன்று. இன்னொரு வகையை 1910இல் இலங்கையில் கிடைத்ததை வைத்துத்தான் முதலில் விவரித்தார்கள். அது இன்று ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களில் ஓடுகிறது.

சரி, வயிற்றுக் கிருமி? இருக்கிறது. உங்கள் வயிற்றில் இல்லையா? குடலில் நுண்ணுயிர் இருப்பது நோய் இல்லை. கறையான்களில் பல, குடல் நுண்ணுயிர் துணை இல்லாமல் மரத்தைச் செரிக்க முடியாதவை. வெள்ளிமீன் பூச்சிக்கு அந்தத் துணைகூடத் தேவையில்லை. 1956இல் அமெரிக்காவில் லாஸ்கர், கீஸ் என்ற இருவர் ஒரு வகையைக் குடலில் பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் அது காகிதத்தில் இருக்கும் செல்லுலோஸைச் செரித்தது. செரிக்கும் நொதியை அதன் உடம்பே சுரக்கிறது.

இந்த இடத்தில் என் தவறையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் ஓட்டை போடுவது இந்தப் பூச்சிதான் என்று உங்களில் பலருக்கு நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது தப்பு. பக்கம் பக்கமாகத் துளைத்துக்கொண்டு போவது ஒரு சிறு வண்டின் புழு. வெள்ளிமீன் பூச்சி மேலாகச் சுரண்டும். பசை, மாவு, அட்டை ஓரம், பூஞ்சணம், இவைதான் அதற்குச் சாப்பாடு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

"அப்போ அது புத்தகத்தைத் தின்னலையா சார்?" என்று கேட்பீர்கள். தின்கிறது. அதற்கு மாலை போடச் சொல்லவில்லை. ஆனால் அதை வீட்டுக்குள் அழைத்தது யார்? ஈரச் சுவரை ஒட்டி அலமாரி, பூட்டினால் வருடக்கணக்கில் திறப்பதில்லை. நம் வீடுகளில் சாதாரணமாகக் காணும் வகைக்குக் காற்றில் 75 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். அதை நாம்தான் தருகிறோம்.

பிறகு மருந்து அடிக்கிறோம், அந்துருண்டை போடுகிறோம். கேளுங்கள்: ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். பூச்சிக்குப் பயந்து அதைத் தொட்டில் பக்கத்தில் வைக்கிறோம்!

நம் முன்னோர் ஏட்டுச்சுவடிக்கு எண்ணெய் பூசி, வசம்பு வைத்து, துணியில் கட்டி வைத்தார்கள். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தை எடுத்துத் துடைத்தார்கள். நாம் மேலாக நாலு புத்தகத்துக்குச் சந்தனம் வைத்து, மறுநாள் தூசியோடு உள்ளே தள்ளுகிறோம்.

வழி எளிது. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் இறக்கித் துடையுங்கள். சுவர்க் கசிவை அடையுங்கள். அட்டைப்பெட்டியில் புத்தகம் கட்டி வைக்காதீர்கள்.

மறுநாளே அந்தப் பேப்பர் கடைக்குப் போனேன். பதினொரு புத்தகம்தான் மிஞ்சியிருந்தது. அட்டை ஓரம்தான் அரிக்கப்பட்டிருந்தது. உள்ளே அத்தான் பென்சிலால் எழுதிய குறிப்புகள் அப்படியே இருக்கின்றன. அம்மாடி, இதைப் படித்தால் வீட்டுக்கு வா. துடைத்து வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு போ.

மற்றவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறங்கள். இது வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்