முந்தி வந்த ஆரவாரம்

அண்மையில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவர். எம் வீட்டு விறாந்தையில் பிள்ளைகள் ஒரு கைத்தொலைபேசியைச் சூழ்ந்திருந்தனர். பந்து வீச்சாளர் ஓடத் தொடங்குமுன்னரே அடுத்த வீட்டில் பேராரவாரம் எழுந்தது. “விக்கெட் விழுந்துவிட்டது” என்றான் மூத்தவன், முகம் வாடி. அரை நிமிடம் கழித்தே எம் திரையில் அது விழுந்தது. சுவரைத் தாண்டிச் செய்தி வந்தபின் பார்த்தென்ன பயன்!

அடுத்த வீட்டார் பார்த்தது கூரைமேல் நிற்கும் பழைய அன்ரெனாவின் துணைகொண்டு. நாம் பார்த்தது இணைய வழியாக. புதியது பழையதற்குப் பிந்துவானேன் என்று வாசகர் வினவலாம்.

1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி ஆரம்பமானபோது, 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை உச்சியிலிருந்து அதன் அலைகள் பரவின. அது குன்றின்மேல் ஏற்றிய விளக்குப் போன்றது. பத்துப் பேர் பார்த்தாலும் பத்து இலட்சம் பேர் பார்த்தாலும் எண்ணெய்ச் செலவு ஒன்றே. இணையமோ தபாற்காரரை ஒத்தது. கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதியைச் சுமந்து செல்லவேண்டும். படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, பல நகரங்களிலுள்ள கணினிகளில் படியெடுத்து வைத்து, அங்கிருந்து அனுப்புகின்றனர். வழியில் தடங்கல் நேரினும் படம் நின்றுவிடாதிருக்க, எமது தொலைபேசி சில துண்டுகளை முன்கூட்டியே சேர்த்து வைக்கின்றது. தாமதத்தின் பெரும்பகுதி இச் சேமிப்பினால் விளைவதே.

இவ்வாறிருந்தும் அதன் ஆற்றல் வியக்கத்தக்கது. 2023 நவம்பர் 19இல் அகமதாபாத்தில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதியாட்டத்தை ஹொட்ஸ்டார் வழியாக ஒரே வேளையில் 5 கோடி 90 இலட்சம் பேர்வரை கண்டனர். தவறவிட்ட நாடகத்தை நள்ளிரவிற் பார்க்கலாம். ரொறன்ரோவிலுள்ள மகனும் ஊரிலுள்ள தாயும் ஒரே நிகழ்ச்சியைக் காணலாம். இவ் வசதியைக் குறைகூற எமக்கு மனமில்லை.

ஆனால் தபாற்கூலியைக் கொடுப்பவர் யார்? சாதாரணத் தெளிவுள்ள படத்துக்கே மணிக்கு ஏறக்குறைய 1 கிகாபைட் வேண்டும். உயர்தரத் தெளிவுக்கு அதன் மும்மடங்கு வரை செல்லும். அன்ரெனா வைத்திருப்பவர் நாள் முழுதும் பார்த்தாலும் மின்கட்டணத்துக்கு மேல் ஒரு சதமும் கூடுவதில்லை. இணைய வழியில் பார்ப்பவருக்கோ ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கில் ஏறுகின்றது.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய கவலையன்று. 1936இல் இலண்டன் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து முறையான ஒளிபரப்பைத் தொடங்கிய பி.பி.சி.யின் நாட்டிலேயே, அன்ரெனாவுக்கு வரும் சேவை 2034 வரையேனும் நீடிக்கும் என்று அரசாங்கம் உறுதி கூறியுள்ளது. அதன்பின் என்ன செய்வது என்பது அங்கே பெரும் விவாதம். இணையமில்லா வீடுகளும், தனித்து வாழும் முதியோரும் கைவிடப்படுவரோ என்பதே கேள்வி.

எம் அடுத்த வீட்டுக்காரர் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர். அவர் கூரையிலுள்ள அக் கம்பி சற்றுச் சாய்ந்தே நிற்கின்றது. காகம் இருந்தாற் படம் ஆடும். அன்று ஆட்டம் முடிந்து பரிசளிப்பு ஆரம்பிக்கையில் எம் தொலைபேசியின் டேட்டாவும் தீர்ந்தது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். பின்னர் வேலியின் பொட்டுக்குள்ளால் நுழைந்து அவர் வீட்டுக்கு ஓடினர்.