புலிக்குக் கணக்கு இருக்கு... அந்துப்பூச்சிக்கு?

சங்கரன்கோவில் பக்கம் அந்துப்பூச்சி என்றால் மொட்டுப்புழுதான் ஞாபகத்துக்கு வரும். மல்லிகை மொட்டைத் துளைத்து, விவசாயியின் வருமானத்தையே காலி பண்ணும் அந்தப் புழு, வளர்ந்தால் ஒரு சின்ன அந்துப்பூச்சி. அதனால் பார்த்ததுமே மருந்து அடிக்கத் தோன்றும். கோபம் நியாயம்தான். ஆனால் இந்தியாவில் 10,000-க்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் இருக்கின்றன. பயிரைக் கெடுப்பவை அதில் கொஞ்சம்தான்.

மிச்சத்தில் ஒன்றின் பெயர் மிமியூசெமியா சிலோனிகா. 1893-ல் ஜார்ஜ் ஹாம்ப்சன் என்ற பிரிட்டிஷ் பூச்சியியலாளர், இலங்கையின் திருகோணமலையில் கிடைத்ததை வைத்து இதற்குப் பெயர் சூட்டினார். அதன்பிறகு சத்தமே இல்லை. 127 வருஷம் கழித்து, 2020 அக்டோபரில், நம்ம களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் 'ஏட்ரீ' ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. இந்தியாவில் அதுதான் முதல் பதிவு.

இதற்கு சாட்டிலைட் எல்லாம் தேவையில்லை. அந்துப்பூச்சி சர்வேக்கு வேண்டியது ஒரு வெள்ளைத் துணி, ஒரு விளக்கு, ராத்திரி முழித்திருக்க ஆள். அப்படியும் இவ்வளவு காலம் ஆனதென்றால், நாம் தேடவே இல்லை என்றுதானே அர்த்தம்?

தேடாமல் விட்டால் என்ன ஆகும்? பல அந்துப்பூச்சிகளின் புழுக்கள் குறிப்பிட்ட சில செடிகளை மட்டுமே தின்னும். ஸ்பெயின், பிரான்ஸ் மலைகளில் வாழும் கிரேல்சியா இசபெல்லே பைன் மரத்தின் ஊசி இலைகளை நம்பியே இருக்கிறது. பைன் காடு போனால் அதுவும் போச்சு. அதனால்தான் ஐரோப்பா சட்டம் போட்டு அதைக் காக்கிறது. (கொடைக்கானல் பைன் காட்டில் போய்த் தேடிவிடாதீர்கள். அது வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம்.) சிலோனிகா வாழும் மலையடிவாரத்தில் எந்தச் செடியை வெட்டக் கூடாது என்று சொல்ல, முதலில் அங்கே என்னென்ன பூச்சி இருக்கிறது என்ற பட்டியல் கையில் வேண்டும்.

2019-ல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்கள். நல்ல விஷயம். அந்துப்பூச்சிக்கு அந்த மரியாதைகூட வேண்டாம், வனத்துறை கணக்கெடுப்பில் ஒரு வரிசை போதும். காட்டோர ஊராட்சிகளில் கண்ணைக் கூசும் வெள்ளை எல்.இ.டி.க்குப் பதில், கீழ்நோக்கி விழும் மஞ்சள் விளக்கு வையுங்கள். வெள்ளை வெளிச்சத்தைச் சுற்றியே விடியவிடியப் பறக்கும் பூச்சி, இரை தேடாது, இணையும் தேடாது.

ஜூலை கடைசியில் உலகம் முழுக்க அந்துப்பூச்சி வாரம் நடக்கிறது, 2012-லிருந்து. நம்ம ஊர் ஆடித்தபசு சீசனும் கிட்டத்தட்ட அப்போதுதான். தென்காசி மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் இந்த வருஷம் ஒரு வேட்டியைக் கட்டி, லைட்டைப் போடலாம்.