சைனஸ் ஸ்கேன்: சி.டி.யா, சி.பி.சி.டி.யா? டோஸைக் கேட்டீங்களா?

மூக்கடைப்பு, தலைபாரம்னு காரைக்குடியில ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கப் போறீங்க. ‘எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்’ என்கிறார். வெளியே வந்ததும் போனில் தேடுவோம்: கதிர்வீச்சு குறைவானது சி.டி.யா, சி.பி.சி.டி.யா?

அதற்கு முன்னால் ஒன்று. 1994-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வெறும் சளி பிடித்திருந்த 31 பேருக்கு சி.டி. எடுத்தார்கள். 27 பேரின் கன்னச் சைனஸில் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஆன்டிபயாடிக் இல்லாமலே அது சரியானது. அதனால் கண் வீக்கம், பார்வைக் கோளாறு மாதிரி சிக்கல் இல்லாத புதுச் சளிக்கு எந்த ஸ்கேனும் வேண்டாம். மாதக்கணக்கில் விடாத தொல்லை, அறுவை சிகிச்சைத் திட்டம் என்றால் கதை வேறு.

சி.பி.சி.டி. பெரும்பாலும் பல் மருத்துவத்தில் பார்ப்பது. தலையைச் சுற்றி ஒரே சுற்று, படம் ரெடி. எலும்பு பளிச்சென்று தெரியும். மூக்குத் தண்டு வளைவுக்கும், பல்வேரிலிருந்து சைனஸுக்கு ஏறிய தொற்றுக்கும் அருமை. ஆனால் மென்திசுவில் கோட்டை விடும். சில மெஷின்களில் அரை நிமிஷம் வரை அசையாமல் இருக்கணும், குழந்தைகளிடம் அது நடக்கிற காரியமா?

டோஸ் விஷயத்தில் பலர் கவனிக்காதது இதுதான்: ‘லோ டோஸ்’ என்பது மெஷினின் பெயர் இல்லை, அதில் வைக்கும் செட்டிங். சைனஸில் இருப்பது காற்றும் எலும்பும். இரண்டுக்கும் வித்தியாசம் இயல்பாகவே தூக்கலாகத் தெரிவதால், கதிர்வீச்சை நன்றாகக் குறைத்தாலும் படம் உபயோகப்படும். வழக்கமான சைனஸ் சி.டி. சுமார் 0.6 மில்லிசீவர்ட். செட்டிங்கை மாற்றினால் அதே மெஷினில் 0.1 அருகே கொண்டுவரலாம், கிட்டத்தட்ட சி.பி.சி.டி. அளவு. (இயற்கையிலிருந்தே உலக சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 வருகிறது. பீதி வேண்டாம்.) கட்டி சந்தேகம் என்றால் மட்டும் இந்தச் சிக்கனம் பலிக்காது. கான்ட்ராஸ்ட் சி.டி., எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

காதில் கணக்கு இன்னும் நுட்பம். செவிப்பறைக்குப் பின்னால் தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியாட்டோமாவுக்கு மெல்லிய துண்டுகளாக எடுக்கும் சி.டி. வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அது திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க, கதிர்வீச்சே இல்லாத ஒருவகை எம்.ஆர்.ஐ. உதவும். காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டுமே எடுப்பார்கள். டோஸைப் பற்றி கட்டாயம் பேச வேண்டிய இடம் அதுதான்.

எப்படிக் கேட்பது? ஒவ்வொரு ஸ்கேனிலும் ‘டி.எல்.பி.’ என்ற எண்ணை சி.டி. மெஷினே பதிவு செய்கிறது. பெரியவர்களின் தலைப் பகுதிக்கு அதை 0.0021-ஆல் பெருக்கினால் தோராயமாக மில்லிசீவர்ட் வரும்: 300 என்றால் 0.63, 50 என்றால் 0.1. (குழந்தைகளுக்குப் பெருக்கும் எண் இன்னும் பெரியது.) சி.டி. மையத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் கட்டாயம். நம் கைக்கு வரும் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியையும் கட்டாயமாக்கினால் என்ன?

இன்னொன்று, நம்ம ஊர்க்காரர்களுக்கு. இங்கே எடுத்த ஃபிலிமோடு மதுரைக்கோ திருச்சிக்கோ போனால், ‘படம் சரியா தெரியல, திரும்ப எடுங்க’ என்று சொல்ல வாய்ப்புண்டு. டோஸ் அங்கேயே டபுள். ஃபிலிம் மட்டும் வாங்காமல், முழு ஸ்கேனையும் சி.டி. தட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்க.