அச்சும் அகக்கண்ணும்

நகரத்துக் கலைக்கூடங்களுக்குச் செல்வோர் இருவகையினர். கண்ட உருவத்தை அப்படியே பெயர்த்து வருவோர் ஒருவகை. காணும் முறையைக் கற்று வருவோர் மற்றொரு வகை. நம் மாணவச் செல்வங்கள் இரண்டாம் வகையினராதல் வேண்டும் என்பதே எம் விழைவு.

மங்களூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு விருத்தாசலத்துப் பீங்கான் புதியதன்று. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் மண்கூழை வார்ப்பர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் படியும். எஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட்டு, இறுகிய உருவை எடுத்து உலர்த்திச் சூளையிலிடுவர். ஓர் அச்சுக்குப் பல பொம்மைகள்; அனைத்துக்கும் ஒரே முகம். பிழைப்புக்கு இது தேவையே. ஆயினும் அந்த முதல் உருவத்தைக் கற்பனை செய்தவர் யார்? அவர் நம்மவராக இல்லையெனில், நாம் என்றும் பிறர் வடிவங்களை வார்த்துக் கொடுப்பவராகவே இருப்போம்.

1851ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் செல்லுங்கள். அவ்வளாகத்தில் 1909இல் திறக்கப்பெற்ற செந்நிறக் கலைக்கூடக் கட்டடத்தை முதலில் நோக்குங்கள். மொகலாயர் கட்டடக்கலை அங்கே படியெடுக்கப்படவில்லை; சென்னை மண்ணில் புத்துருப் பெற்றிருக்கிறது. அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் உள்ளன. மெழுகில் உருவமைத்து, மண்பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்தனர். பின்னர் அம்மண் அச்சை உடைத்தனர். ஆகவே ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. அச்சை உடைத்தவர்க்கே அக்கலை கைவந்தது! ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த தொல்பொருள்களும் அங்கே உண்டு. அவ்வூர் மக்கள் இறந்தோரை இட்டுப் புதைத்த தாழிகளும் மண்ணாலானவையே என்பதை நினையுங்கள். நாம் நாளும் மிதிக்கும் மண்ணின் பெருமை அப்போது விளங்கும்.

"தேர்வுக்கு உதவாத இதனால் என்ன பயன்?" எனப் பெரியோர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. பார்க்கத் தெரியாதவன் படித்ததையும் அச்சில் வார்த்ததுபோல் ஒப்பிப்பானேயன்றித் தானாக ஒன்றைச் சிந்தியான் என்பதே எம் விடை.

எனவே மாணவர்களே, நூறு பொருள்களை ஓடி ஓடிக் காண வேண்டா. ஒரு குறிப்பேட்டுடன் ஒரே பொருளின்முன் அரைமணி நேரம் நில்லுங்கள். பின்னர் ஊர் திரும்பி, உங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானையை அதே கண்ணால் பாருங்கள். நகரம் தருவது கண். படைப்புக்குரிய பொருள் நம் ஊரிலேயே காத்திருக்கிறது.